உறைபனி மாதத்தில் சில்க்சாங்

சில்க்சாங் என்ற வீடியோ கேம் ரொம்பக் கஷ்டமா என்று கேட்டால், கஷ்டம்தான். ஆனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் டிசம்பர் இரவில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் சாகிற சாவில் ஒரு பங்கை விளையாட்டின் கணக்கில் எழுதக்கூடாது. டிவி தாமதமாகக் காட்டுகிறது. புளூடூத் ஹெட்செட் தாமதமாகக் கேட்கவைக்கிறது. கட்டைவிரல் குளிரில் மரத்துக் கிடக்கிறது. இது எதையும் கவனிக்காமல் "நமக்கு இந்த மாதிரி கேம் எல்லாம் வராது" என்று மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இது.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: ஆஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற சின்னக் குழு 2017-இல் ஹாலோ நைட் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதற்கு ஒரு கூடுதல் பகுதியாக ஆரம்பித்த வேலை சில்க்சாங் என்ற தனி விளையாட்டாக வளர்ந்து, 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்று கைக்கு வந்தது. வெளியான அன்றே ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஒரே நேரத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். நாயகி ஹார்னெட், கையில் ஊசி, உடம்பில் பட்டு நூல். பூச்சிகளின் ராஜ்ஜியம் ஒன்றின் அடிவாரத்தில் விழுந்து, உச்சியில் இருக்கும் கோட்டைநகரத்துக்கு ஏற வேண்டும். கதை இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் தாமதம். பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 படம் காட்டும், அதாவது ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி வினாடி. கண்ணில் பட்டதும் விரல் அசைய மனிதனுக்குச் சாதாரணமாக 200 முதல் 250 மில்லி வினாடி ஆகும். கேம் மோடு (தாமதத்தைக் குறைக்கும் பட அமைப்பு) போடாத டிவி இதன்மேல் 50 முதல் 100 வரை சேர்த்துவிடும், பழைய டிவி இன்னும் அதிகமாகவே சேர்க்கும். எதிரி ஊசியை ஓங்கியதைப் பார்த்துச் சரியான நேரத்தில்தான் தாவினோம், ஆனாலும் அடி விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். டிவியின் பட அமைப்புகளுக்குள் போய் கேம் மோடைப் போடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். அது எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். சில டிவிகளில் கன்சோல் செருகிய எச்டிஎம்ஐ வாசலின் பெயரை 'பிசி' என்று மாற்றினால்தான் தாமதம் குறையும்.

எவ்வளவு தாமதம் என்று வீட்டிலேயே அளக்கலாம். போனில் ஸ்லோ மோஷன் 240 ஃப்ரேம் வசதி இருந்தால், கட்டைவிரலும் திரையும் ஒரே படத்தில் விழும்படி வைத்துக்கொண்டு குதிக்கும் பட்டனை அழுத்துங்கள். பட்டன் உள்ளே போன ஃப்ரேமிலிருந்து ஹார்னெட்டின் கால் தரையை விடும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் 4.17 மில்லி வினாடி. 24 ஃப்ரேம் என்றால் 100 மில்லி வினாடி. என் கணக்கில் அதற்குள் வந்தால் பிரச்சினை இல்லை. 35, 40 என்று போனால் விளையாட்டைத் திட்டாமல் டிவியைக் கவனியுங்கள்.

சத்தத்துக்கும் இதே கதைதான். சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் ஒலி 150 முதல் 200 மில்லி வினாடி பிந்தி வரும். இந்த விளையாட்டில் பாஸ்கள், அதாவது வழிமறிக்கும் பெரிய எதிரிகள், அடிக்கும் முன் கத்துவார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு குரல். காதால் ஆடப் பழகியவர்கள் கண்ணால் ஆடுபவர்களைவிட சீக்கிரம் தேறுகிறார்கள். அதனால் வயர் உள்ள இயர்போன். விலை குறைந்ததே போதும்.

லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் இன்னொன்று பார்க்க வேண்டும். மழைக்காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரிக்கு மாறும். அந்த நொடியே மின்சேமிப்பு நிலைக்கும் போய், ஃப்ரேம் எண்ணிக்கை சரியும். தாவலின் நேரக்கணக்கு முழுவதும் கையில் இருந்து நழுவும். பேட்டரியிலும் முழுத்திறன் நிலையில் ஓடும்படி முன்கூட்டியே மாற்றிவையுங்கள், அல்லது கரண்ட் வரும்வரை சண்டை பிடிக்காமல் வரைபடம் சுற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் ஒரு 600 விஏ யுபிஎஸ் சில நிமிடம் கொடுக்கும். விளையாட்டில் சேவ் ஆகும் இடமான பெஞ்ச் வரை ஓடி உட்கார்ந்து விளையாட்டை மூட அது போதும். எப்போது மூடினாலும் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்துதான் மறுபடி எழுவீர்கள்.

விண்டோஸில் சேவ் ஃபைல்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல்லோ, அதற்குள் டீம் செர்ரி என்று போனால் கிடைக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை அதை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஹார்ட் டிஸ்க்கை நம்புவது நல்லதில்லை.

டவர் சரியாக எடுக்காத இடங்களில், கூடலூர் பக்கத்துத் தோட்ட வீடுகளானாலும் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களானாலும், இறக்குவதே பாதி நாள் வேலை. சில்க்சாங் அதிக இடம் கேட்காது, 8 ஜிபி ஒதுக்கினால் போதும். விளையாட்டை வாங்கிய நண்பர் யாராவது அருகில் இருந்தால் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே வைஃபையில் இணைத்து, இரண்டிலும் ஸ்டீமின் டவுன்லோட் அமைப்பில் உள்ளூர் நெட்வொர்க் பரிமாற்றத்தை அனுமதியுங்கள். ஃபைல் நேரே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். இன்டர்நெட் பெயருக்கு இருந்தால் போதும். ஆனால் உங்கள் கணக்கிலும் விளையாட்டை வாங்கியிருக்க வேண்டும். இது ஓசிக்கு வழி இல்லை. வந்ததும் அப்டேட்டை மறக்காதீர்கள். வெளியான சில வாரத்திலேயே வந்த முதல் திருத்தத்தில் மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற இரண்டு முன்கட்ட பாஸ்களின் கடுமையைக் கொஞ்சம் குறைத்தார்கள், நடுக்கட்டத்தில் காசு கொடுத்துத் திறக்கும் பெஞ்சுகளின் விலையையும் இறக்கினார்கள். பழைய பதிப்பில் முட்டிக்கொண்டு வீரம் காட்ட வேண்டியதில்லை.

இனி குளிர். தோல் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் விரலின் நுணுக்கம் குறையத் தொடங்கும். ரத்தம் உள்ளே ஒதுங்குகிறது, விரலுக்குப் போகும் சேதி மெதுவாகிறது. நீர்ப்பனி முடிந்து உறைபனி இறங்கிவிட்டால் ஊட்டி வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் இது சாதாரணம். ஆரம்பிக்கும் முன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து நன்றாகத் துடையுங்கள். கம்பளிக் கையுறையில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டால் போதும். கையைவிட மணிக்கட்டுதான் முக்கியம். அங்கே சூடு இருந்தால் விரலுக்கும் போகும். பழைய சாக்ஸின் கால்பகுதியை வெட்டிப் போட்டுக்கொண்டாலும் வேலை நடக்கும்.

கண்ட்ரோலரைச் சூடாக்குகிறேன் என்று அடுப்போரம் வைக்காதீர்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடுவதும் அந்த பேட்டரிக்குக் கேடு. வெளியே வண்டியில் கிடந்த கன்சோலை நேராக சூடான அறைக்குக் கொண்டுவந்து ஆன் செய்தால், குளிர்ந்த பலகையில் ஈரம் படிந்து ஷார்ட் ஆகலாம். பையை மூடியபடியே ஒன்றிரண்டு மணி நேரம் அறையில் வைத்து, பிறகு எடுங்கள். தென்மேற்குப் பருவத்தில் வீட்டுக்குள்ளேயே மிஸ்ட் வந்து போகும் இடங்களில், ஆடாதபோது கண்ட்ரோலரை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. ஒட்டிக்கொள்ளும் பட்டனுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி நுனியில் தொட்டு. தண்ணீர் வேண்டாம். வர்க்கியைக் கடித்துக்கொண்டு ஆடுகிறவர்களிடம் சொல்லிப் பயனில்லை. அந்தத் தூள் பட்டன் சந்துக்குள் போனால் நெய்ப்பசையோடு அங்கேயே குடியிருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரி மூட்டிய அடுப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியும் தூக்கமும் வரும். விளையாட்டில் மூழ்கியவர் அதைக் களைப்பு என்று நினைப்பார். மலையில் இப்படி உயிர் போயிருக்கிறது. கம்பளி, வெந்நீர்ப் பை இரண்டும் போதும்.

இவ்வளவும் ஆனபிறகு விளையாட்டுக்குள் போகலாம்.

கண்ட்ரோலரில் ஸ்டிக்கா, அம்புக்குறிப் பட்டனா? இந்த விளையாட்டுக்கு அம்புக்குறிதான் என்பேன். காரணம் ஹார்னெட்டின் கீழ்வெட்டு. கிரெஸ்ட் என்பது அவள் வெட்டும் விதத்தை மாற்றும் சின்னம்; ஆரம்பத்தில் கிடைக்கும் ஹண்டர் கிரெஸ்டில், அந்தரத்தில் கீழே அழுத்தி வெட்டினால் அவள் நேர் கீழே குத்தமாட்டாள். முகம் பார்த்த பக்கம் சரிவாகப் பாய்வாள், ஏறக்குறைய 45 டிகிரி. ஸ்டிக் கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தாலும் சாதாரண வெட்டு இந்தப் பாய்ச்சலாக மாறி, முள்ளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். கீபோர்டில் ஆடுகிறவர்கள் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திச் சோதியுங்கள். விலை குறைந்த கீபோர்டுகளில் சில மூன்று விசைச் சேர்க்கையில் ஒன்று பதிவாகாமல் போகும். அப்படியானால் குதிக்கும் விசையை வேறு வரிசைக்கு மாற்றுங்கள்.

இந்தச் சரிவுப் பாய்ச்சலில்தான் முதல் வாரத்தில் பலர் விட்டுப் போகிறார்கள். ஹாலோ நைட்டில் நேர் கீழே அடித்துத் துள்ளிப் பழகிய விரல், இங்கே எதிரிக்கு நேர் மேலே போய் நின்று பட்டனை அழுத்தும். பாய்ச்சல் எதிரியைத் தாண்டிப் போய்விடும். எதிரிக்கு நேர் மேலே போகவே கூடாது. ஒன்றரை ஆள் தூரம் பின்னால் இருந்து, அதே உயரத்தில் தாவி, முகம் அந்தப் பக்கம் பார்க்க அழுத்த வேண்டும். பட்டதும் அவள் மேலே துள்ளுவாள். துள்ளிய கையோடு திசையைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து அடுத்த பாய்ச்சல். ஹண்டர்ஸ் மார்ச் பகுதியில் அந்தரத்தில் தொங்கும் மொட்டுகளின் மேல் இப்படியே தாவித்தாவிப் போகச் சொல்வார்கள். அங்கே அவசரப்பட்டு நுழையாதீர்கள். வழி திறந்திருக்கிறது என்பதற்காக இப்போதே போக வேண்டும் என்று அர்த்தமில்லை. பிறகு வாண்டரர் கிரெஸ்ட் கிடைத்தால் கீழ்வெட்டு நேராக விழும், ஊசி நீளம் குறையும், வேகம் கூடும். பழைய கை உள்ளவர்களுக்கு அதுதான் தாய்வீடு.

தாவல் பற்றி ஒரு விஷயம். பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உயரம். 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். பயத்தில் எல்லாத் தாவலையும் முழு உயரத்துக்குப் போடுகிறவர்கள் இறங்கும்வரை அடிவாங்கத் தயாராக அந்தரத்தில் நிற்கிறார்கள். தாழ்ந்த அடிக்குத் தட்டிவிட்டால் போதும். 2018-இல் வந்த செலெஸ்ட் இந்த விஷயத்தில் தாராளம்: விளிம்பைத் தாண்டி 0.1 வினாடி ஆனபிறகு அழுத்தினாலும் தாவலாக ஏற்கும், தரையைத் தொட 0.08 வினாடி முன்பே அழுத்தினாலும் நினைவில் வைத்திருக்கும். சில்க்சாங் அந்த அளவு கை கொடுப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் விளிம்பு மட்டத்துக்கு வந்தால் ஹார்னெட் தானே பற்றி ஏறிக்கொள்வாள். ஆகவே பள்ளத்தைத் தாண்டும்போது எதிர்மேட்டின் மேலே இறங்கப் பார்க்காமல் அதன் விளிம்பைக் குறிவைத்தால் போதும். டீப் டாக்ஸ் பகுதியில் ஸ்விஃப்ட் ஸ்டெப் என்ற பாய்ந்து ஓடும் திறன் கிடைத்ததும் பட்டனை விடாமல் பிடித்து ஓடி, ஓட்டத்தில் தாவிப் பாருங்கள். சாதாரணத் தாவலைவிட வெகு தூரம் போகும். ஃபார் ஃபீல்ட்ஸில் 25 முள்கருக்கள் சேர்த்துக் கொடுத்தால் தையற்காரி தரும் மேலங்கி, அந்தரத்தில் மிதக்கவிடும். அது வந்தபின் முன்பு பயந்த இடங்களெல்லாம் எளிதாகும்.

உயிர்க் கணக்கு இப்படி. தொடக்கத்தில் 5 மாஸ்க். பல பாஸ்களின் அடியும் சூழலின் சில ஆபத்துகளும் ஒரே தடவையில் 2 மாஸ்க்கை எடுத்துவிடும், எனவே மூன்று தவறில் கதை முடிந்தது. ஊசி ஒருமுறை பட்டால் ஒரு இழை பட்டு சேரும். 9 இழை செலவழித்து பைண்ட் செய்தால் 3 மாஸ்க் திரும்பும். அதாவது ஒன்பது வெட்டுக்கு ஒரு வைத்தியம். சில்க்ஸ்பியர் என்ற பட்டு ஈட்டியை வீச 4 இழை. பாஸ் உயிர் எவ்வளவு பாக்கி என்று திரையில் தெரியாது, அதனால் புதியவர்கள் ஈட்டியை வீசி ஆசையைத் தீர்த்துக்கொண்டு வைத்தியத்துக்கு நூல் இல்லாமல் நிற்பார்கள். முதல் பத்து மணி நேரத்துக்கு எல்லாப் பட்டும் வைத்தியத்துக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். பைண்டை அந்தரத்திலும் செய்யலாம். தரை அதிரும் அடிகளின்போது தாவி உச்சியில் செய்வதுதான் பாதுகாப்பு. நடுவில் அடிபட்டால் பட்டும் போச்சு, மாஸ்க்கும் வராது.

ஒரு மாஸ்க் மட்டும் குறைந்திருக்கும்போது பைண்ட் செய்யாதீர்கள். மூன்று திரும்பும் இடத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டை வீணாக்குகிறீர்கள்.

பணம் என்பது ஜெபமாலை மணிகள். யாத்திரிகப் பூச்சிகளிடமிருந்து விழும். காட்டு ஜந்துக்கள் ஓட்டுச்சில்லு மட்டும் தரும், மணி தராது. செத்தால் கையில் இருந்த மணிகள் செத்த இடத்தில் ஒரு கூட்டில் தங்கும். அதை எடுக்கும் முன் மறுபடி செத்தால் போனதுதான். போன் பாட்டம் என்ற தொடக்க ஊரின் கடையில் 80 மணி கொடுத்து 60 மணி கோத்த சரம் வாங்கலாம். 20 நஷ்டம்தான், ஆனால் சரம் சாவில் தொலையாது. பாஸ் வாசலுக்குப் போகும் முன் கையில் இருப்பதைச் சரமாக்கிவிடுங்கள். கூட்டை உடைத்தால் மணியோடு பட்டும் நிரம்பும். அது பாஸ் அறைக்குள்ளேயே கிடந்தால் உடனே உடைக்காமல் முதல் வைத்தியத்துக்கு வைத்திருங்கள். ஓட்டுச்சில்லு சாவில் போகாது. அது பெஞ்சில் உட்காரும்போது கருவிகளை நிரப்பப் பயன்படும். ஒரே பாஸிடம் கருவிகளை வீசிக்கொண்டே திரும்பத் திரும்பச் செத்தால் சில்லு வற்றிவிடும். அதனால் புதிய பாஸிடம் முதல் சில தடவை கருவியைத் தொடாதீர்கள். வெட்டவும் வேண்டாம். தாவுங்கள், ஒதுங்குங்கள், எந்தக் கத்தலுக்குப் பின் எந்த அடி, எந்த அடிக்குப் பின் மூச்சு விடுகிறான் என்று பாருங்கள். அந்த மூச்சுதான் உங்கள் பைண்ட் நேரம். இந்த முறையை எல்லோரும் சலிப்பு என்று தள்ளுவார்கள். இதைவிட வேகமான வழியும் எனக்குத் தெரியாது.

ஒரே இரவில் முன்பு சுலபமாகத் தாண்டிய தாவலிலேயே விழ ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். விரல் கற்ற வேலை தூக்கத்தில்தான் படிகிறது. இரவு முழுக்க முட்டிய பாஸ் காலையில் சீக்கிரமே விழுவதற்கு அதுதான் காரணம். கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி இருந்தால் இரண்டு மூன்று நாள் கண்ட்ரோலரைத் தொடாதீர்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஆடுவது அதை நீட்டும்.

இந்த விளையாட்டில் கடினத்தைக் குறைக்கும் அமைப்பு கிடையாது. அது வேண்டும் என்பவர்கள் வெட்கப்படாமல் செலெஸ்டின் உதவி நிலையில், வேகத்தை பாதியாகக்கூடக் குறைத்து ஆடலாம். தாவல் பழக அதைவிடப் பள்ளிக்கூடம் இல்லை.

முதல் அங்கத்தின் முடிவில் கோட்டைநகரத்துக்குள் நுழைய இரண்டு வழி. ஒன்று, மேரோ, டீப் டாக்ஸ், கிரேமூர், ஷெல்வுட், பெல்ஹார்ட் ஆகிய ஐந்து இடத்து மணிக்கோயில்களிலும் மணியடித்துவிட்டு பிளாஸ்டட் ஸ்டெப்ஸ் வழியாக லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் போவது. இன்னொன்று, சின்னர்ஸ் ரோடு வழியாக மிஸ்ட் என்ற பகுதிக்குள் நுழைந்து ஃபாண்டம் என்ற பாஸிடம் போவது. மிஸ்டில் திசை தெரியாது, ஹார்னெட்டின் இசைக்கருவியான நீடோலினை வாசித்தால்தான் வழி புலப்படும். குன்னூர் மலைப்பாதையில் ஆகஸ்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. பெரும்பாலோர் முதல் வழியில்தான் போவார்கள். அங்கே சண்டையைவிட பெஞ்சிலிருந்து வாசல்வரை ஓடும் தூரம்தான் எரிச்சல். அந்த ஓட்டத்தில் யாரையும் வெட்ட நிற்காதீர்கள், ஓட்டத் தாவலிலேயே கடந்துவிடுங்கள். ஜட்ஜ் சங்கிலியில் தொங்கும் தூபக்கலசத்தைச் சுழற்றுவான். அது கையைவிட்டு வெளியே போய்த் திரும்புவதற்குள் நெருங்கி இரண்டு வெட்டு, மூன்றாவதுக்கு ஆசைப்படாமல் பின்வாங்கல். அவன் விழுந்ததும் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிடாதீர்கள். கடைசியில் ஒருமுறை வெடிப்பான், ஒரு மாஸ்க்கோடு பக்கத்தில் நின்றால் ஜெயித்த சண்டையில் நீங்களும் சாவீர்கள். அறையின் ஓரத்துக்கு ஓடிவிடுங்கள்.